கூல் பார்க் கிரகரியும் அவருடைய குடியானவரும்: ஒரு பழைய மதிப்பீட்டுப் பதிவு பற்றிய வினா

வினா: பழைய பதிவகத்தார், தெமட்டகொடை

அனைவருக்கும் வணக்கம். நான் காணிப் பதிவகமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுதுவினைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். என் தங்கையின் மகன் அயர்லாந்தின் கோல்வே கவுண்டியில், கோர்ட் என்னும் சிற்றூருக்கு அருகே குடியிருக்கிறான். அவனுடைய அயலவர் ஒரு விவசாயி. சென்ற மாதம் பேசிக்கொண்டிருந்தபோது அவர், தம் குடும்பம் பல தலைமுறைகளாக இதே நிலத்தைத்தான் உழுகிறது என்றும், அது தங்களுக்குச் சொந்தமானது தம்முடைய பாட்டனார் காலத்தில்தான் என்றும், அதற்கு முன்னர் அது கிரகரி என்னும் குடும்பத்துக்கு உரியது என்றும் சொன்னாராம். அந்தப் பெயரைக் கேட்டதும், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கொழும்பு அருங்காட்சியகத்தின் முன்னே பார்த்த ஆளுநர் கிரகரியின் சிலை என் மருமகனுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. அன்றிரவே எனக்குத் தொலைபேசி எடுத்து, "மாமா, அந்தக் கிரகரிதானா இவர்?" என்று கேட்டான்.

பின்னர், 1850களில் எடுக்கப்பட்ட ஒரு காணி மதிப்பீட்டின் பக்கத்தையும் அனுப்பிவைத்தான். அதில் நிலத்தை வைத்திருப்பவர் என்ற நிரலில் அயலவரின் குடும்பப் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்த நிரலில் கிரகரியின் பெயர் இருக்கிறது. அதன் பிறகு வீடும் காணியும் என்ற விவரமும், பரப்பளவும், ஒரு பணத்தொகையும் உள்ளன. அந்தத் தொகைதான் ஆண்டுக் குத்தகையா? இரண்டாம் நிரலில் இருப்பவர்தான் சட்டப்படி உரிமையாளரா? இவை இரண்டும் என் நேரடியான ஐயங்கள்.

ஆனால் இவற்றுக்கு மேலாக ஒன்று என்னை வருத்துகிறது. என் பணிக்காலம் முழுவதும் காணி என்றால் உறுதிப் பத்திரம், உறுதி என்றால் பதிவு என்றே வாழ்ந்தவன் நான். கையில் ஓர் உறுதியும் இல்லாமல் ஒரு குடும்பம் நூறாண்டுக்கு மேலாக ஒரே மண்ணில் எப்படி நின்றது? அப்படி நின்றவர்கள் எந்த நாளில், எந்தக் காரணத்துக்காகக் குடியெழுப்பப்பட்டார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கல்கிசை வரலாற்று ஆசிரியர்

ஐயா, அவரேதான். சேர் வில்லியம் ஹென்றி கிரகரி 1816இல் பிறந்து 1892இல் மறைந்தவர். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். 1873இல் வட மத்திய மாகாணம் பிரிக்கப்பட்டதும், 1877 ஜனவரி 1ஆம் திகதி கொழும்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் அவருடைய காலத்தில்தான். தங்கள் மருமகன் வாழும் கோர்ட் நகரத்துக்கு அண்மையிலுள்ள கூல் பார்க் அவர்களுடைய குடும்பச் சொத்து. அவருடைய பூட்டனார் ரொபர்ட் கிரகரி கிழக்கிந்தியக் கம்பனியில் ஈட்டிய செல்வத்தோடு ஊர் திரும்பி, 1768இல் அதை வாங்கினார். ஆகவே அந்த விவசாயியின் முன்னோர் செலுத்திய குத்தகைக்கும் நம்முடைய ஆசியாவுக்கும் இடையிலான தொடர்பு, சிலை எழுவதற்கு நூறாண்டு முன்னரே தொடங்கிவிட்டது.

அயர்லாந்தின் ஊர் வரலாறுகளில் கிரகரியின் பெயர் இன்றும் உச்சரிக்கப்படுவது அருங்காட்சியகத்துக்காக அன்று, ஒரு சட்டப்பிரிவுக்காக. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் பரவிப் பஞ்சம் தொடங்கியது. 1847இல், ஏழைகள் விடுதிகளுக்கு வெளியிலும் நிவாரணம் கொடுக்கலாம் என்ற சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அப்போது டப்ளின் நகரின் உறுப்பினராக இருந்த கிரகரி ஒரு திருத்தத்தை முன்வைத்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவரும் அந்த நிலத்தைக் கைவிட்டாலன்றி அரச நிவாரணம் பெற முடியாது என்பதே அது. நம் கணக்கில் கால் ஏக்கர் என்பது 40 பேர்ச். யாழ்ப்பாணக் கணக்கில் நான்கு பரப்பு. பட்டினியால் வாடும் பிள்ளைகளுக்கு ஒரு சட்டி கஞ்சி வாங்குவதற்காக ஒரு தகப்பன் தன் நிலத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது. நிலம் போனபின் அடுத்த ஆண்டு விதைக்க அவனுக்கு இடமில்லை. நிலத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் குடிசையில் இருந்துவிடலாம் என்று எண்ணியவர்களிடம், வீட்டையும் விட்டு வெளியேறினால்தான் ஒப்புக்கொள்வோம் என்று பல பண்ணைகளின் காரியஸ்தர்கள் சொன்னார்கள்.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்மையில் அதுதான் கூடுதலாக வேலை செய்தது என்பது என் கருத்து. ஏழைகளைப் பராமரிக்கும் செலவுக்காக, நம்முடைய சோலைவரியைப் போல, சொத்து மதிப்பீட்டின் மேல் ஒரு வரி அறவிடப்பட்டது. 4 பவுணும் அதற்குக் குறைவும் மதிப்பிடப்பட்ட சிறு காணிகளுக்கு அந்த வரியை முழுவதும் நிலப்பிரபுவே செலுத்த வேண்டும் என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஏழைக்கு ஆறுதலாக வந்த ஏற்பாடு அது. ஆனால் பஞ்ச காலத்தில் சிறு குடியானவரிடமிருந்து குத்தகை வரவில்லை. நிவாரணம் பெறுவோர் தொகை பெருகப் பெருக வரி வீதமோ ஏறிக்கொண்டே போனது. குடியானவர் இருக்கும் ஒவ்வொரு சிறு துண்டும் நிலப்பிரபுவுக்கு வருமானத்திலிருந்து செலவாக மாறியது. அந்தக் குடியை எழுப்பி, கூரையைப் பிரித்து, துண்டுகளை இணைத்து மேய்ச்சல் நிலமாக்கினால் வரியும் குறையும், பெரிய குத்தகைக்காரர் ஒருவரும் கிடைப்பார். 1849 முதல் 1854 வரையான ஆறு ஆண்டுகளில் மட்டும் இரண்டரை இலட்சம் பேர்வரை நிரந்தரமாகக் குடியெழுப்பப்பட்டதைக் காவல்துறைப் பதிவுகள் காட்டுகின்றன. 1841இல் 81 இலட்சத்துக்கு மேல் இருந்த நாட்டின் மக்கள்தொகை 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகிவிட்டது. பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவினர் கப்பலேறினார்கள்.

நிலப்பிரபு நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியோடு நின்றுவிடுவோருக்கு இந்தக் கணக்கு தென்படுவதில்லை. கிரகரியின் தந்தையார் தம் குடியானவரைப் பார்க்கச் சென்று தொற்றிக்கொண்ட காய்ச்சலால் அதே 1847ஆம் ஆண்டில் இறந்தார். கூல் பார்க் குடும்பம் தன் குடிகளைக் கொடுமைப்படுத்திய குடும்பமாக அந்த ஊரில் நினைவுகூரப்படுவதுமில்லை. அப்படியிருந்தும், தம் குடிகளிடம் பரிவோடு நடந்த ஒருவர் தாம் ஒருபோதும் காணாத ஆயிரக்கணக்கான குடிகளின் கூரைகளைப் பிரிக்க வழிசெய்த வாசகத்தை எழுதினார். பிற்காலத்தில் தம் வாழ்க்கையை அவரே எழுதியபோதும் அந்தப் பிரிவுக்காக அவர் வருந்தவில்லை என்பது எனக்கு இன்றும் துயரமாக இருக்கிறது.

மறுமொழி: சுவடி மாணவி, வெள்ளவத்தை

வணக்கம் ஐயா. நான் நூலகவியலும் சுவடியியலும் படித்தவள். டப்ளினில் இரண்டு ஆண்டுகள் இத்தகைய பதிவுகளோடு பழகியிருக்கிறேன். தங்கள் மருமகன் அனுப்பியது ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் தலைமையில் 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளியிடப்பட்ட மதிப்பீடு. அந்தத் தொகை குத்தகை அன்று. வரி அறவிடுவதற்காக நிலத்தின் மண்வளத்தையும் கட்டடங்களையும் பார்த்து அரசு இட்ட ஆண்டு மதிப்பு அது. உண்மையான குத்தகை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருந்தது. அதனால்தான் 1880இல் குடியானவர்கள், கிரிஃபித்தின் மதிப்பீட்டுக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க மாட்டோம் என்று ஊர் ஊராகத் தீர்மானம் எடுத்தார்கள்.

இரண்டாம் நிரலில் இருப்பவர் கட்டாயம் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. நிலத்தை வைத்திருப்பவர் நேரடியாக யாரிடம் குத்தகைக்கு எடுத்தாரோ, அவருடைய பெயரே அங்கு எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பல பிரபுக்கள் முழு ஊர்களையும் இடைத்தரகர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். அவர்கள் பிரித்துக் கீழ்க்குத்தகைக்கு விட்டார்கள். அதை எடுத்தவரும் ஒரு துண்டைக் கூலியாளுக்கு ஒரு பருவ உருளைக்கிழங்குக்காகக் கொடுத்தார். ஆகவே ஒரே வயலின் மேல் மூன்று நான்கு பேரின் வருமானம் தங்கியிருந்தது. தங்கள் பக்கத்தில் கிரகரியின் பெயரே இருப்பதால், அந்தக் குடும்பத்துக்கும் பண்ணைக்கும் இடையில் வேறொருவர் இருக்கவில்லை என்று கொள்ளலாம். ஆனால் கிரகரி குதிரைப் பந்தயத்தில் பெருங்கடன் பட்டு, 1857ஆம் ஆண்டளவில் பண்ணையின் பெரும்பகுதியை விற்க நேர்ந்தது. ஆதலால் அந்தக் காணி அதன் பிறகும் அவர்கள் கையில் இருந்ததா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

பரப்பளவு நிரலில் மூன்று எண்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை ஏக்கர், ரூட், பேர்ச். நம் நில அளவைப் படங்களில் தாங்கள் பார்த்த அதே அளவுகள்தாம். ஊரின் பெயருக்கு மேலே இருப்பது 'டவுன்லாண்ட்' எனப்படும் சிறு பிரிவு. பெயரைக் கேட்டு நகரம் என்று நினைத்துவிடக் கூடாது. அது நம் குறிச்சியைப் போன்றது. சிலவற்றில் ஐந்தாறு வீடுகளே இருக்கும். தீவு முழுவதும் அவ்வாறு 60,000க்கும் மேற்பட்டவை உள்ளன. அந்தப் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றப் பதிவுகள் எல்லாம் திறக்கும்.

பின்னோக்கிப் போக விரும்பினால், 1823 முதல் 1837 வரை திருச்சபைத் தசமபாக வரிக்காகத் தயாரிக்கப்பட்ட ஏடுகள் உள்ளன. முன்னோக்கி வர, கிரிஃபித்தின் மதிப்பீட்டுக்குப் பின் தொடர்ந்து திருத்தப்பட்ட கையெழுத்து ஏடுகளை டப்ளினில் பார்க்கலாம். காணியை வைத்திருப்பவர் இறந்தாலோ மாறினாலோ பழைய பெயரை வெட்டி, புதிய பெயரை வேறொரு நிற மையில் எழுதி, ஆண்டையும் குறித்தார்கள். குடியானவர் நிலத்தை வாங்கிய ஆண்டில் அதற்குரிய முத்திரை அந்தப் பதிவின் மேல் குத்தப்பட்டிருக்கும். குடிசன மதிப்பீட்டைத் தேடிச் சோர்ந்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 1821 முதல் 1851 வரையானவற்றுள் மிகப் பெரும்பகுதி 1922இல் டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் எரிந்த ஆவணக் காப்பகத்தோடு அழிந்துபோனது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சியுள்ளவற்றில் 1901, 1911 ஆகியவையே மிகப் பழையவை. ஏழைக் குடியானவன் ஒருவனின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் பல வேளைகளில் இந்த வரி ஏடுதான். அதனால்தான் அயர்லாந்தின் ஊர் வரலாற்றாளர்கள் ஒரு நிலவரியேட்டைக் குடும்ப ஏடாகப் போற்றுகிறார்கள்.

மறுமொழி: வாவிக்கரையான், பம்பலப்பிட்டி

நான் மட்டக்களப்பில் பிறந்து, கொழும்பில் வழக்கறிஞராக இருப்பவன். உறுதி இல்லாமல் எப்படி நின்றார்கள் என்ற கேள்விக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

பெரும்பாலான குடியானவருக்கு ஆண்டுக்காண்டு தொடரும் வாய்மொழிக் குத்தகையே இருந்தது. உரிய அறிவித்தல் கொடுத்துக் குடியானவரை எழுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. குத்தகை ஆண்டுக்கு இருமுறை, பெரும்பாலும் மே, நவம்பர் மாதங்களில் செலுத்தப்பட்டது. புதிதாக வருபவரிடம் முதல் அரையாண்டுத் தொகையைக் கேட்காமல் விட்டுவைப்பது பல பண்ணைகளின் வழக்கம். கேட்பதற்குக் கருணையாகத் தோன்றும். ஆனால் அந்த அரையாண்டு நிலுவை அவர் வாழ்நாள் முழுவதும் கணக்கில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒழுங்காகக் கட்டிவந்தவரும் சட்டத்தின் கண்ணில் எந்நாளும் கடனாளியாகவே இருந்தார். காரியஸ்தர் விரும்பிய நாளில் அந்த நிலுவையைக் காட்டி, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்காலை அனுப்ப முடிந்தது. சதுப்பை வடித்து, கல்லைப் பொறுக்கி மதில் எழுப்பி, தன் கையாலேயே வீடு கட்டினாலும், எழுப்பப்படும் நாளில் அத்தனையும் நிலப்பிரபுவுக்கே சேர்ந்தன. இதனால் நிலத்தைத் திருத்துவதற்கே பலர் அஞ்சினார்கள். திருத்தினால் குத்தகை ஏறும்.

வடக்கே அல்ஸ்டரில் மட்டும் வேறு வழக்கம் நிலவியது. வெளியேறும் குடியானவர் தம் அனுபோக உரிமையை வருபவருக்கு விலைக்கு விற்கலாம். சில இடங்களில் அந்த விலை பல ஆண்டுக் குத்தகைக்குச் சமமாக இருந்தது. இது சட்டமன்று, வழக்கம். யாழ்ப்பாணத்தின் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தார்கள். அல்ஸ்டர் வழக்கத்துக்கோ 1870 வரை சட்ட அங்கீகாரம் கிடைக்கவில்லை. எழுதப்படாத வழக்கம் ஊராரின் ஒப்புதலால் எவ்வளவு காலம் நிற்கும், அது எந்த இடத்தில் முறியும் என்பதை அறிய, 1861இல் டொனிகோல் கவுண்டியின் டெரிவே பகுதியில் நடந்ததைப் பார்க்கலாம். ஜோன் ஜோர்ஜ் அடேர் என்னும் நிலப்பிரபு, தம் மேற்பார்வையாளர் கொலையுண்டதற்கும் ஆடுகள் காணாமற்போனதற்கும் அயல் முழுவதையும் பொறுப்பாக்கி, ஏப்ரல் மாதத்தின் மூன்று நாள்களில் 244 பேரைக் குடியெழுப்பினார். அவர்களுள் பலர் குத்தகை பாக்கி இல்லாதவர்கள். சட்டம் அவர் பக்கமே இருந்தது. அந்த நிலம் இன்று ஒரு தேசியப் பூங்காவின் பகுதி.

கல்கிசை ஆசிரியர் ஐயா சொன்ன வரிக் கணக்கை நான் மறுக்கவில்லை; ஆனால் அடேருக்கு எந்தக் கணக்கும் நெருக்கடி கொடுக்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் போடியார் எனப்படும் நிலச் சொந்தக்காரரின் வயலை முல்லைக்காரர் பொறுப்பேற்றுச் செய்வார். என் தாயாரின் தந்தையார் அப்படிச் செய்தவர். வாரம், அதாவது விளைச்சலின் பங்கு, அளக்கும் நாளில் போடியாரின் குணம் முழுக் குடும்பத்தின் ஆண்டைத் தீர்மானித்தது என்று அம்மா சொல்லுவார். வரியும் சட்டமும் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே போவதா வேண்டாமா என்பதை ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார்.

இன்னொன்று. இது அயர்லாந்துக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணிவிடக் கூடாது. கிரகரி இங்கிருந்து சென்ற மறு ஆண்டு, 1878இல், தானிய வரியைப் பணமாக அறவிடும் சட்டம் வந்தது. 1880களில் வலப்பனையில், வரி நிலுவைக்காக நெற்காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டுக் குடும்பங்கள் பட்டினியால் மடிந்தன. 1892இல்தான் அந்த வரியை நீக்க முடிவாயிற்று. அங்கே நிலப்பிரபு செய்ததை இங்கே அரசே செய்தது.

மறுமொழி: கல்கிசை வரலாற்று ஆசிரியர்

வாவிக்கரையான் அவர்கள் சொன்னது நியாயமானது. அடேரைப் பற்றி நான் எழுதாமல் விட்டது குறைதான். ஒரு திருத்தமாகவே அதை ஏற்றுக்கொள்கிறேன்.

நிலம் எவ்வாறு உழுதவருக்கு வந்தது என்பதை இன்னும் எவரும் எழுதவில்லை. 1870களில் ஏறத்தாழ 800 பேர் நாட்டின் பாதி நிலத்தை வைத்திருந்தார்கள். 1879இல் விளைச்சல் பொய்த்து விலையும் வீழ்ந்தபோது, மேயோ கவுண்டியின் ஐரிஷ்டவுனில் ஏப்ரல் மாதம் பெருங்கூட்டம் ஒன்று கூடியது. அக்டோபரில் டப்ளினில் நிலச் சங்கம் உருவானது. ஐரிஷ் அரசியல்வாதி பார்னெல் அதன் தலைவர். அதன் உயிர் என்று சொல்லத்தக்கவர் மைக்கல் டேவிட். மேயோவில் அவருடைய குடும்பம் குடியெழுப்பப்பட்டபோது அவர் சிறு குழந்தை. பின்னர் லங்காஷயரின் பஞ்சாலை ஒன்றில் பதினொரு வயதில் ஒரு கையை இழந்தார்.

அடுத்த ஆண்டு மேயோவிலேயே, ஏர்ண் பிரபுவின் காரியஸ்தரான கப்டன் பொய்கொட்டை ஊரார் முற்றாக ஒதுக்கினார்கள். அறுவடைக்கு ஆளில்லை, கடையில் சாமானில்லை, கடிதம் கொண்டுவருபவரும் இல்லை. அல்ஸ்டரிலிருந்து ஐம்பது கூலியாட்கள் வந்து கிழங்கைத் தோண்ட, ஆயிரம் படையினர்வரை காவல் நின்றார்கள். காவலுக்கான செலவு அந்த அறுவடையின் பெறுமதியை எத்தனையோ மடங்கு தாண்டியது. அவருடைய பெயரே அந்தச் செயலுக்குப் பெயராகி உலகம் சுற்றியது. நாம் அதைப் பகிஷ்கரிப்பு என்கிறோம். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது, கையிலெடுத்தது மேயோ குடியானவர் பழகிய கருவியைத்தான்.

1881ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான குத்தகையை நீதிமன்றம் தீர்மானிக்கவும், அதைக் கட்டிவரும்வரை குடியானவர் எழுப்பப்படாமலிருக்கவும், தம் உரிமையை விற்கவும் இடமளித்தது. அதன்பின் நிலப்பிரபுவாக இருப்பதில் பெரிய ஆதாயம் இல்லாமற்போனது. 1903இல் வின்டம் சட்டம் வந்தது: அரசு விலையை முற்பணமாகக் கொடுக்கும்; விற்கும் பிரபுவுக்கு மேலதிகமாக 12 சதவீதம் கிடைக்கும்; குடியானவர் அறுபத்தெட்டரை ஆண்டுகளில் தவணையாகத் திருப்பிக் கட்டுவார். அந்தத் தவணை பெரும்பாலும் பழைய குத்தகையைவிடக் குறைவாகவே இருந்தது. தங்கள் மருமகனின் அயலவர் பாட்டனார் காலம் என்று சொன்னது இந்தக் காலத்தோடு பொருந்துகிறது. கூல் பார்க்கில் எஞ்சியிருந்த இல்லமும் காடும் 1927இல் அரசுக்கு விற்கப்பட்டன. 1941இல் இல்லம் இடிக்கப்பட்டது.

ஆனால் இந்த மாற்றம் காணி வைத்திருந்த குடியானவருக்கே பலனளித்தது. அவருடைய வயலில் கூலிக்கு உழைத்தவருக்கு 1883 முதல் வந்த தொழிலாளர் சட்டங்களின் கீழ் ஒரு குடிசையும் அரை ஏக்கரும், பின்னர் ஒரு ஏக்கரும் கிடைத்தன. பலருக்கு அதுவும் இல்லை. ஊர் வரலாறு எழுதும்போது உரிமை பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளே கதை சொல்ல ஊரில் இருக்கிறார்கள். மற்றவர்களின் பேரப்பிள்ளைகள் பொஸ்டனிலும் லிவர்பூலிலும் இருக்கிறார்கள்.

மறுமொழி: பழைய பதிவகத்தார், தெமட்டகொடை

தாங்கள் அனைவரும் இவ்வளவு நேரம் செலவிட்டு எழுதியதற்கு என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் மருமகனும் அயலவரும் டப்ளினுக்குப் போய் வரும்வரை காத்திருந்தேன்.

வெள்ளவத்தை மகள் சொன்ன திருத்த ஏட்டைப் பார்த்திருக்கிறார்கள். அயலவரின் குடும்பத்தில் மூன்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டப்பட்டிருந்தனவாம். அவற்றுள் ஒன்று ஒரு பெண்ணின் பெயர். கணவர் இறந்தபின் பதினொரு ஆண்டுகள் காணி அவர் பெயரில் இருந்திருக்கிறது. அப்படி ஒருவர் இருந்ததே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. கிரகரியின் பெயர் ஓரிடத்தில் வெட்டப்பட்டு வேறொருவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதற்கு மேலே கொள்வனவு முத்திரை. அதே பக்கத்தில், கிரிஃபித்தின் மதிப்பீட்டில் ஆறு வீடுகள் இருந்த இடத்தில் பிற்காலத்தில் இரண்டே எஞ்சியிருந்தன. மற்ற நான்கு பெயர்களையும் அயலவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். தம் மேய்ச்சல் நிலத்தின் மூலையில் கிடக்கும் கற்குவியல்கள் யாருடைய வீடுகள் என்று இதுவரை அவருக்குத் தெரியாதாம்.

மட்டக்களப்பு ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் தாயார் சொன்ன வாரக் கணக்குகளைத் தயவுசெய்து எழுதி வையுங்கள். அவை எந்தப் பதிவகத்திலும் இல்லை என்பதை, அங்கே முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.